கெல்விக் இரண்டு முறை வரும்

ஆக்லாந்தின் ஒடாஹுஹு மைதானத்தில் பெனால்ட்டிப் பெட்டிக்கு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கீதனின் போனுக்கு அந்தப் படம் வந்தது. அனுப்பியவன் யசீகரன், தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழா மலரைத் தயாரிக்கிறவன். 'அண்ணை, அட்டை ரெடி. பாத்திட்டுச் சொல்லுங்கோ' என்று கீழே எழுதியிருந்தான். கீதன் கோடு போடும் வண்டியை நிறுத்தி, கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுப் படத்தைத் திறந்தான்.

அட்டையில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். முகம் கீதனுடையது. சட்டை மட்டும் உலகத்துப் பிள்ளைகளெல்லாம் அறிந்த ஒரு பெரிய கிளப்பினுடையது. கீழே கொட்டை எழுத்தில், 'இங்கிலாந்து பிரிமியர் லீக் நாயகன், எம் மண்ணின் மைந்தன்' என்று இருந்தது. மைந்தன் பிறந்தது லண்டனில், வளர்ந்தது ஆக்லாந்தில். எந்த மண் என்று மலர்க் குழுவைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது.

அந்தப் படத்தின் அசல் கீதனிடம் இருந்தது. அதில் அவன் போட்டிருந்தது மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட சட்டை. இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு. தலையைச் சுற்றிக் கட்டு, அதில் இரத்தம். கெல்விக் என்ற சின்ன ஊரின் கிளப், இங்கிலாந்து லீக்கின் ஐந்தாம் படியிலிருந்து நாலாம் படிக்கு ஏறிய நாள் அது. கடைசி நிமிடத்தில் கோலுக்குள் போக இருந்த பந்தைத் தலையால் வெளியே தள்ளப் போனவனின் நெற்றியை எதிரணிக்காரனின் பூட்ஸ் கிழித்தது. ஆறு தையல். அவனுடைய முப்பத்தாறு வருடத்தில் அதைவிட நல்ல நாள் வந்ததில்லை.

அப்போதே யசீகரனுக்குப் போன் எடுத்தான்.

"தலையிலை இருந்த கட்டு எங்கை?"

"அது ரத்தம் தெரியுது அண்ணை. பொங்கல் மலர் எல்லோ. தலைவர் குணரத்தினம் அங்கிள் எடுத்துவிடச் சொன்னவர். ஃபோட்டோஷொப்பிலை அரை நாள் போச்சு, தெரியுமோ."

"சட்டையை ஆர் மாத்தச் சொன்னது?"

யசீகரன் குரலைத் தணித்து, "உங்கடை அப்பாதான் அண்ணை," என்றான். "மஞ்சள் கறுப்பு எண்டால் சனத்துக்கு விளங்காது எண்டு சொன்னவர்."

மீதிக் கோட்டைக் கீதன் போட்ட வேகத்தில் பெனால்ட்டிப் பெட்டியின் ஒரு பக்கம் சற்றே கோணிவிட்டது. அழித்துத் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

அவனுடைய அப்பா ஏரம்பமூர்த்தி கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்தில் வாத்தியார், லண்டனில் பதின்மூன்று வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, ஆக்லாந்துக்கு வந்து மறுபடி வாத்தியார். கீதனை ஏழு வயதிலேயே வாய்ப்பாடு ஒப்புவிக்க வைத்தார். ஏழாம் வாய்ப்பாடு அவனுக்கு ஏழேழுக்கு மேல் ஏறாது. பிழை விட்டால் பந்து அலமாரிக்கு மேலே போகும். அப்பா அடிக்க மாட்டார், கத்தவும் மாட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "முதலிலை இருந்து," என்பார். எத்தனை தடவை தடுக்கினாலும் அதே குரல், அதே இரண்டு சொல். வெளியே மற்றப் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பதினெட்டு வயதில் கீதனைக் கணக்கியல் படிக்கவென்று லண்டனில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பிறந்தவன் என்பதால் கடவுச்சீட்டுக்குச் சிக்கல் இல்லை. மூன்றாம் மாதம் அவன் வகுப்பை விட்டுவிட்டுத் தோர்ன்பரோ என்ற ஊரின் கிளப்பில் ட்ரயலுக்குப் போனான். பின்களத்தில் நிற்க உயரமான ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருட ஒப்பந்தம். அன்றைக்கே அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னான். அப்பா, "சரி. சனத்துக்குச் சொல்லாதை," என்றார்.

சனத்துக்கு அவர் வேறு சொன்னார். ஒன்பது வருடம், ஆக்லாந்தில் நடந்த ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பிறந்தநாள் விழாவிலும் கீதன் கணக்காளர் சோதனையின் கடைசிப் பகுதி எழுதிக்கொண்டிருந்தான். ஒன்பது வருடமாக முடியாத ஒரு கடைசிப் பகுதி. கணக்கு வாத்தியார் சொல்லும் கணக்கைச் சரிபார்க்க யாருக்குத் துணிவு வரும்? மெல்பேர்ணில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசினார்கள். பெண் வீட்டார் அவன் அதுவரை சித்தியடைந்த பகுதிகளின் சான்றிதழ்ப் பிரதியைக் கேட்டார்கள். பேச்சு அத்தோடு நின்றது. அந்தப் பெண்ணைக் கீதனுக்குப் பிடித்திருந்தது. நான்கு தடவை போனில் கதைத்திருக்கிறார்கள். ஐந்தாம் தடவை அவள், "நீங்கள் ஆர் எண்டே எனக்குத் தெரியாதே," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் இணையத்தில் கீதனின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த கோயில் திருவிழாவில் குணரத்தினம் அப்பாவை மடக்கிக் கேட்டார், "மகன் இங்கிலாந்திலை லீக் விளையாடுறாராமே, பிரிமியர் லீக்கோ?" அப்பா, "ஓம்," என்றார்.

அந்த ஒரு 'ஓம்' போதுமாக இருந்தது. அன்று முதல் கீதன் கணக்காளன் இல்லை, நட்சத்திரம். இரண்டு பொய்க்கும் நடுவில் அவன் உண்மையில் விளையாடிய பதினைந்து வருடம் விழுந்து காணாமற்போனது. முதற்பொய் அவனை மறைத்தது என்றால் இரண்டாவது அவனைத் துடைத்தே எடுத்துவிட்டது.

அந்தப் பதினைந்து வருடம் என்னவென்று இவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? எட்டுக் கிளப், நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், பத்தொன்பது கோல். பிரிமியர் லீக்கிலிருந்து கீழே எண்ணினால் நாலாம் படி, ஐந்தாம் படி, இறுதியில் ஆறாம் படி. ஒவ்வோர் ஒப்பந்தமும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. மே மாதம் வந்தால் மனேஜரின் அறைக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். உள்ளே போனவன் ஐந்து நிமிடம் வெளியே வராவிட்டால் அவனுக்கு அடுத்த வருடமும் இடம் உண்டு. கதவு உடனே திறந்தால் இல்லை. வெளியே நிற்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். லேங்டன் கிளப்பில் அந்த மரியாதைகூட இல்லை. போனில் ஒரு மெசேஜ் வந்தது, அதிலும் அவன் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.

காரின் பின்பெட்டியில் ரைஸ் குக்கரும் இரண்டு சோடிப் பூட்ஸும் எப்போதும் இருக்கும். எந்த ஊரில் அறை கிடைத்தாலும் அரை மணித்தியாலத்தில் குடியேறிவிடுவான், அரை மணித்தியாலத்தில் கிளம்பியும் விடுவான். மூக்கு இரண்டு தடவை உடைந்தது. கணுக்காலில் இரண்டு ஆணி. ஊசி போட்டு மரத்துப்போன முழங்காலோடு ஒரு முழுக் குளிர்காலம் விளையாடினான். எதிரணி ரசிகர்கள் அவனைப் பார்த்து, கடைக்குப் போய்க் கறி விற்கச் சொல்லிக் கத்துவார்கள். முதல் வருடம் அழுதான். இரண்டாம் வருடத்திலிருந்து கத்துகிறவனின் அணியில் கோல் அடிக்கிறவன் யாரென்று பார்த்து, தொண்ணூறு நிமிடமும் அவனைப் பந்தைத் தொடவிடாமல் வைத்தான். அவனுடைய வேலையே அதுதான். மற்றவன் விளையாடாதபடி பார்த்துக்கொள்வது. அழகான வேலை இல்லை, ஆனால் அதைச் செய்ய ஆள் இல்லாத அணி மே மாதத்தில் அழும்.

முப்பத்து மூன்றில் முழங்கால் முற்றாகக் கைவிட்டது. ஆக்லாந்துக்குத் திரும்பி, பக்குரங்காவில் அப்பா அம்மாவின் வீட்டுக்கே வந்தான். மைதானங்களுக்குப் புல் வெட்டிக் கோடு போடுகிற ஒரு கொம்பனியில் வேலை கிடைத்தது. அவனுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. அப்பா அதையும் விடவில்லை, மகன் 'மைதான எஞ்சினியர்' என்று சொல்லித் திரிகிறார்.

அட்டைப் படம் வந்த அன்று பின்னேரம் வீட்டுக்குள் நுழைந்ததும் கீதன் போனை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது ஆர், அப்பா?"

"நீதான்."

"நானில்லை. இந்தச் சட்டையை நான் வாழ்க்கையிலை போட்டதில்லை."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலாம் படி, அஞ்சாம் படி எண்டு சனத்திட்டை எப்பிடிச் சொல்லுறது தம்பி? வகுப்பிலை அஞ்சாம் பிள்ளையாய் வந்தாலே வெளியிலை சொல்லுறேல்லை."

"இங்கிலாந்து முழுக்க எத்தினை லட்சம் பேர் பந்து அடிக்கிறாங்கள்? அதிலை பதினைஞ்சு வருஷம் சம்பளத்துக்கு விளையாடினவன் நான். உங்கடை அஞ்சாம் பிள்ளைக் கணக்கு இதுக்குச் சரிவராது."

"உன்னைப் பெருமைப்படுத்தத்தானே எல்லாம் செய்யுறன்."

"என்னை இல்லை. உங்களை."

அம்மா இராசமலர் குசினியிலிருந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். விழாவுக்கு இன்னும் மூன்று நாள்தான், ஊரெல்லாம் சொல்லியாயிற்று, இப்போது வரமாட்டேன் என்றால் அப்பாவால் தலைகாட்ட முடியாது என்று கெஞ்சினார். கீதன் ஒரு தாளை எடுத்து, தான் விளையாடிய கிளப்புகளின் பெயர்களை ஒழுங்காகத் தமிழில் எழுதினான். அப்பாவுக்கு வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினான். கடைசியில் 412 என்று போட்டு, நாலாக மடித்துக் கொடுத்தான்.

"நான் வாறன். பொன்னாடையும் போடட்டும். ஆனா இதிலை இருக்கிறதைத்தான் மேடையிலை வாசிக்க வேணும். விளையாடினதை விளையாடினதாய்ச் சொல்லட்டும், வேறை ஒண்டும் வேண்டாம். குணரத்தினம் அங்கிளிட்டைக் குடுப்பீங்களோ?"

"ஓம்," என்றார் அப்பா, தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

அதே 'ஓம்'தான் என்பது கீதனுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறையச் சனம். முன்னாள் வீரர்களுக்கும் இளையோருக்கும் இருபது நிமிட ஆட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். முன்னாள் வீரர்கள் என்றால், வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஏழெட்டு அங்கிள்மாரும் கீதனும். எதிரே பல்கலைக்கழகத்தில் படிக்கிற, குதிரை போல ஓடுகிற பையன்கள். கீதன் அங்கிள்மாரை ஒரே கோட்டில் நிறுத்தி, தொண்டை கிழியக் கத்தி முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தினான். வந்த பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளினான், முட்ட முடியாததைத் திடலுக்கு வெளியே அடித்தான். முழங்கால் நெருப்பாக வலித்தது. கோட்டோரத்தில் நின்றவர்கள் கதைத்தது அவன் காதில் தெளிவாக விழுந்தது.

"இவர் ஏன் பந்தை வெளியிலை வெளியிலை அடிக்கிறார்?"

"ஒருத்தனையும் வெட்டி ஓடக் காணேல்லை. பிரிமியர் லீக்கிலை இப்பிடி விளையாட விடுவினமோ?"

"வயசு போட்டுது போல."

இருபது நிமிடத்தில் அந்தக் குதிரைகளால் ஒரு கோல் போட முடியவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. இல்லாத நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிரே நின்ற ஆட்டக்காரன் தெரியவில்லை. அப்பாவின் பொய் அவனுடைய கடந்த காலத்தை மட்டுமல்ல, அவர்களுடைய கண்ணையும் சேர்த்துக் கெடுத்திருந்தது.

பிறகு மேடை. தலைவர் குணரத்தினம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். "அன்பார்ந்த பெரியோர்களே, இங்கிலாந்து பிரிமியர் லீக்கிலை எங்கடை கொடியைப் பறக்கவிட்ட..." கீதன் திரும்பி முன்வரிசையைப் பார்த்தான். அப்பா புதுச் சட்டை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பைக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

கொடுக்கவில்லை. மூன்று நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். விழாவுக்குச் சட்டை மாற்றும்போதும் மறக்காமல் எடுத்து இந்தப் பைக்குள் மாற்றியிருக்கிறார், ஆனால் கொடுக்கவில்லை.

கீதன் குணரத்தினத்தின் கையிலிருந்து மைக்கை வாங்கினான். பிடுங்கினான் என்று சொன்னாலும் பிழையில்லை.

"அங்கிள் சொன்னது பொய்," என்றான். "பிரிமியர் லீக்கிலை நான் ஒரு நிமிஷமும் விளையாடினதில்லை. மலரிலை இருக்கிற சட்டை என்ரை இல்லை. நான் விளையாடினது தோர்ன்பரோ, கெல்விக், பிராட்ஹோம், ஆஷ்விக், ஸ்டோன்லீ, திரும்பவும் கெல்விக், லேங்டன், ஹார்பி, விட்மூர். நீங்கள் ஒருத்தரும் கேள்விப்பட்டிருக்க மாட்டியள். நானூற்றிப் பன்னிரண்டு மட்ச். அதிலை பாதிக்கு மேலை தோல்வி. ஆனா எல்லாம் நான் விளையாடினது."

இனியாவது விளங்கியிருக்கும் என்று நினைத்தான்.

குணரத்தினம் ஈரமான கண்ணோடு மைக்கைத் திரும்ப வாங்கினார். "பாத்தீங்களோ," என்றார். "இதுதான் தன்னடக்கம். இவ்வளவு உயரத்துக்குப் போன பிள்ளை எவ்வளவு பணிவாய்க் கதைக்குது பாருங்கோ. எங்கடை இளைய தலைமுறை படிக்க வேண்டிய பாடம் இது."

சனம் எழுந்து நின்று கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். குணரத்தினம் பொன்னாடையை அவன் தோளைச் சுற்றிப் போட்டு, தப்பிப் போக முடியாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு படத்துக்குச் சிரித்தார். உண்மையைச் சொல்லியும் பொய்யனாக நிற்க வைக்க முடியும் என்று கீதன் அன்றைக்குத்தான் கண்டான். முன்வரிசையில் அப்பாவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கீதன்தான் காரை ஓட்டினான். அப்பா பக்கத்தில், அம்மா பின்னால், பொன்னாடை அம்மாவின் மடியில். பக்குரங்கா பிளாசா வந்ததும், வீட்டுக்குப் போகிற வழியில் திரும்பாமல், கீதன் கடைகளின் கார் நிறுத்துமிடத்துக்குள் போய் எஞ்சினை நிறுத்தினான். மதிய வெயில் கண்ணாடியில் அடித்தது.

"அப்பா, அந்தப் பேப்பர் எங்கை?"

அப்பா பையைத் தொட்டார். "குணரத்தினத்திட்டைக் குடுக்க மறந்து போனன்."

"திறந்து பாத்தனீங்களோ?"

அப்பா தாளை வெளியே எடுத்தார். பதில் சொல்லத் தேவையே இல்லை, கீதன் மடித்த மடிப்பு கலையவே இல்லை.

"சரி. மைக்கிலை இப்பத்தானே சொன்னனான். நான் விளையாடின ஒரு கிளப்பின்ரை பேர் சொல்லுங்கோ. எல்லாம் வேண்டாம், ஒண்டு."

அப்பா முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பொருள் தள்ளுவண்டியோடு ஒரு பெண் காருக்கு முன்னால் கடந்து போனாள். "எல்லாம் இங்கிலீஷ் ஊர்ப் பேர் தம்பி," என்றார். "மனசிலை நிக்காது."

பதினைந்து வருடத்தில் ஒரு பெயர் இல்லை. யாழ்ப்பாணத்தில் படிப்பித்த பிள்ளைகளின் சோதனைப் புள்ளிகளை இன்றைக்கும் பிசகாமல் சொல்லுகிற மனிதர். ஞாபகமறதி என்றால் கீதன் பொறுத்திருப்பான். இது ஞாபகமறதி இல்லை.

"பேப்பரைத் திறவுங்கோ," என்றான். "வாசியுங்கோ."

"தம்பி..."

"வாசிச்சு முடிச்சிட்டுப் பாக்காமல் சொல்ல வேணும். சொல்லாமல் நான் கார் எடுக்கமாட்டன்."

"விடு ராசா," என்றார் அம்மா பின்னாலிருந்து. "அப்பாவுக்குப் பிரஷர்."

"எனக்கு ஏழு வயசிலை ஆரம்மா விட்டது?"

அம்மா பொன்னாடையை மடிக்கத் தொடங்கினார். அப்பா மகனின் முகத்தைப் பார்த்தார். அங்கே விட்டுக்கொடுக்கிற குறி எதையும் காணவில்லை போலும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தார். உதட்டை அசைத்து ஒருதரம் வாசித்தார், மறுதரமும் வாசித்தார். கீதன் கையை நீட்டித் தாளை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தான்.

"தோர்ன்பரோ," என்றார் அப்பா. "கெல்விக்." தொண்டையைச் செருமினார். "பிராட்ஹோம். ஆஷ்விக். ஸ்டோன்லீ." விரல்கள் அவரை அறியாமலே முழங்காலில் எண்ணிக்கொண்டிருந்தன. "லேங்டன்."

"இல்லை."

"லேங்டன்தானே?"

"அதுக்கு முதல் கெல்விக் ரெண்டாம் முறை வரும். அங்கைதான் என்ரை தலை வெடிச்சது. நீங்கள் அழிச்ச கட்டு அந்தக் கட்டுத்தான்."

அப்பாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. "சரி, கெல்விக்," என்றார் மெதுவாக. "பேந்து லேங்டன், பேந்து..."

கீதன் இருக்கையில் சாய்ந்தான். கத்தவில்லை.

"முதலிலை இருந்து," என்றான்.